புதுச்சேரியில் இடைநிலைக் கணிதக் கல்வியும் தேர்வுத் தெரிவுகளும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

புதுச்சேரி நகரில் இடைநிலைப் பள்ளி மாணவர் கணிதம் பயின்று தேர்வெழுதும் வழிகள் வேறு எந்தத் தமிழ் நகரிலும் காணவியலாத அளவு பலவாக அமைந்துள்ளன. பிரெஞ்சுப் பக்கலோரேயா, தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டம், மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டம் என்னும் மூன்றும் இச்சிறு நகரில் ஒருங்கே இயங்குகின்றன. இவை உருவான வரலாற்றுச் சூழலையும், ஒவ்வொன்றும் மாணவருக்கு வழங்கிய கணிதத் தெரிவுகளையும், அத்தெரிவுகள் மேற்படிப்பு வாய்ப்புகளைத் திறந்தும் அடைத்தும் வந்த முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கணிதத் தெரிவு என்பது பாடத்தின் கடினம் பற்றிய முடிவாகத் தோன்றினாலும், சான்றிதழின் செல்லுபடி, தேர்ச்சி விதி, பயிற்றுமொழி ஆகிய மூன்றே அதன் உண்மையான பொருளைத் தீர்மானித்துள்ளன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, கணிதக் கல்வி, பக்கலோரேயா, எஸ்.எஸ்.எல்.சி., அடிப்படைக் கணிதம், தரநிலைக் கணிதம், பயிற்றுமொழி.

முன்னுரை

தமிழகக் கல்வி வரலாறு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சென்னை மாகாணத்தின் ஆங்கிலேயர் கல்வி முறையை மையமிட்டே அமைந்துள்ளன. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் பள்ளிக் கல்வி, அவற்றுள்ளும் தனிப் பாடங்களின் வரலாறு, போதிய கவனம் பெறவில்லை. மொழிக்கல்வி, இலக்கியக் கல்வி ஆகியவற்றை ஒப்பிடக் கணிதக் கல்வியின் வரலாறு மேலும் குறைவாகவே பேசப்பட்டுள்ளது. கணிதம் எங்கும் ஒன்றே என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். தேற்றம் ஒன்றாயினும், அதனை எந்த வகுப்பில், எந்த மொழியில், எவ்வகை வினாவாகக் கேட்பது, அதில் தவறினால் மாணவர் எதை இழப்பார் என்பன ஆட்சிக்கு ஆட்சி மாறுபடுவன.

இக்கட்டுரையில் ‘தேர்வு’ என்னும் சொல் பரீட்சையையும், ‘தெரிவு’ என்னும் சொல் பல வழிகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வதையும் குறிக்கும். பேச்சு வழக்கில் இரண்டும் ஒரே சொல்லால் சுட்டப்படுவதால் இவ்வேறுபாடு இங்குத் தேவையாகிறது.

திண்ணைக் கணக்கிலிருந்து பள்ளிக் கணிதத்திற்கு

ஐரோப்பியர் நிறுவிய பள்ளிகளுக்கு முன்னர்த் தமிழ்ப் பகுதிகளில் கணக்குக் கல்வி திண்ணைப் பள்ளிகளில் நிகழ்ந்தது. எண்சுவடி மனனத்திற்குரிய வாய்பாட்டு நூலாக விளங்கியது. முந்திரி (320இல் ஒரு பங்கு), காணி (80இல் ஒரு பங்கு), மா (20இல் ஒரு பங்கு), மாகாணி (16இல் ஒரு பங்கு) முதலிய பின்னங்களை மாணவர் வாய்விட்டு ஓதிப் பழகினர். நில அளவை, நெல் அளவை, பொன் நிறை, கூலிக் கணக்கு ஆகிய வாழ்க்கைத் தேவைகளே இக்கல்வியின் எல்லையை வகுத்தன. இங்கு இறுதித் தேர்வோ சான்றிதழோ இல்லை. கணக்கு அறிந்தவர் என்பதற்கு அவர் செய்யும் தொழிலே சான்றாக நின்றது.

1674ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பாக வளர்ந்த புதுச்சேரியில், வணிகமும் துபாஷித் தொழிலும் இத்தகைய கணக்கறிவை நம்பியே நடந்தன. 18ஆம் நூற்றாண்டின் போர்களில் பலமுறை ஆங்கிலேயர் வசம் சென்று மீண்ட இந்நகர், நெப்போலியப் போர்கள் முடிந்தபின் பிரான்சிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. அதன் பின்னரே நிலையான கல்வி நிறுவனங்கள் தோன்றத் தொடங்கின. கணிதம் தொழிலோடு கூடிய திறன் என்னும் நிலையிலிருந்து, சான்றிதழுக்குரிய பாடம் என்னும் நிலைக்கு மாறிய காலம் இது.

பிரெஞ்சு முறையும் அதன் தெரிவுகளும்

1826ஆம் ஆண்டு ஆளுநர் தெபசேன் தெ ரிஷ்மோன் காலத்தில் அரச கல்லூரி நிறுவப்பெற்றது. அதுவே பின்னர்க் குடியேற்றக் கல்லூரி, பிரெஞ்சுக் கல்லூரி எனப் பெயர் மாறி, இன்று கடற்கரையை ஒட்டிய பகுதியில் பிரெஞ்சு லிசே என வழங்குகிறது. தொடக்கத்தில் இது ஐரோப்பியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென அமைந்தது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, மிஷன் வீதியில், 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கலவை சுப்பராய செட்டியார் பெயரால் விளங்கும் கல்வே கல்லூரி உருவாகி இந்திய மாணவருக்கு இடமளித்தது. பாவேந்தர் பாரதிதாசன் பயின்ற நிறுவனம் என்னும் வகையில் தமிழ் ஆய்வாளர் இதனை நன்கறிவர். நகரின் வெள்ளையர், இந்தியர் பிரிவினை கல்வி நிறுவன அமைப்பிலும் வெளிப்பட்டது என்பதை இவ்விரண்டின் இருப்பிடமே காட்டுகிறது.

பிரெஞ்சுக் கல்வி ஏணியின் கீழ்ப்படியில் தொடக்கக் கல்விச் சான்றிதழும், நடுவில் பிரவே எனப்படும் சான்றிதழும், உச்சியில் பக்கலோரேயாவும் இருந்தன. 1808ஆம் ஆண்டு நெப்போலியன் ஆட்சியில் நிறுவப்பெற்ற பக்கலோரேயா, இடைநிலைக் கல்வியின் முடிவாகவும் பல்கலைக்கழகக் கல்வியின் முதற்படியாகவும் ஒருங்கே அமைந்தது. 1902ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இடைநிலைக் கல்வியை நான்கு பிரிவுகளாக வகுத்தது. இலத்தீன்-கிரேக்கம், இலத்தீன்-மொழிகள், இலத்தீன்-அறிவியல், மொழிகள்-அறிவியல் என்பன அவை. இறுதி ஆண்டில் மாணவர் தத்துவம் அல்லது கணிதம் என்னும் இரு வகுப்புகளுள் ஒன்றில் சேர்ந்தனர். கணிதம் கல்விப் பாதை ஒன்றின் பெயராகவே ஆனது இவ்வாறுதான்.

1960களின் பிற்பகுதியில் இப்பிரிவுகள் புதிய எழுத்துத் தொடர்களாக மாறின. இலக்கியத்திற்கு ‘ஆ’ தொடரும், பொருளியலுக்கு ‘பே’ தொடரும், கணிதம்-இயற்பியலுக்கு ‘சே’ தொடரும், கணிதம்-உயிர்நூலுக்கு ‘தே’ தொடரும் உரியனவாயின. இவற்றுள் ‘சே’ தொடரே மதிப்பின் உச்சியாகக் கருதப்பட்டது. 1995ஆம் ஆண்டுத் தேர்வு முதல் கணிதம், அறிவியல் சார்ந்த தொடர்கள் ‘எஸ்’ என்னும் ஒரே தொடருள் அடக்கப்பட்டன. இம்மாற்றங்கள் அனைத்தும் பாரீசில் முடிவு செய்யப்பட்டவை. ஆயினும் அவை புதுச்சேரியின் வகுப்பறையையும் உடனுக்குடன் மாற்றின. அரசியல் ஆட்சி நீங்கிய பின்னரும் இந்நகரின் ஒரு பகுதி மாணவருடைய கணிதப் பாடத்தைப் பிரான்சின் கல்வி அமைச்சகமே வரையறுத்து வந்தது என்பது குறிக்கத்தக்கது.

எல்லைக்கு அப்பால்: சென்னை மாகாண முறை

புதுச்சேரிப் பகுதி ஒரே தொடர்நிலமாக அமையாமல், தென்னார்க்காடு மாவட்ட ஊர்களோடு பின்னிப் பிணைந்து கிடந்தது. எனவே அண்டையிலிருந்த ஆங்கிலேயர் கல்வி முறை புதுவை மக்களுக்கு அந்நியமானதன்று. அம்முறையில் மெட்ரிகுலேஷன் தேர்வு பல்கலைக்கழக வாயிலாக இருந்தது. 1911ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. திட்டம் நடைமுறைக்கு வந்தது.

இரு முறைகளுக்குமிடையே பாடப் பொருளைவிடத் தேர்ச்சி விதியில்தான் ஆழ்ந்த வேறுபாடு இருந்தது. சென்னை முறையில் ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியே தேர்ச்சி பெறுதல் வேண்டும். ஒன்றில் தவறினும் முழுத் தேர்விலும் தவறியதாகவே கொள்ளப்படும். கணித மேதை இராமானுஜன் வாழ்க்கை இதற்கு அறியப்பட்ட சான்று. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த அவர், கணிதத்தில் சிறந்தும் பிற பாடங்களில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1907இல் எழுதிய எப்.ஏ. தேர்விலும் அவர் தேர்ச்சி பெறவில்லை. ஒரு பாடத்தின் மிகுதி மற்றொன்றின் குறையை ஈடுசெய்யாத முறை அது.

பக்கலோரேயா முறையிலோ ஒவ்வொரு பாடத்திற்கும் ஓர் எடையெண் உண்டு. 20க்குப் பெற்ற மதிப்பெண்களை எடையெண்ணால் பெருக்கிக் கூட்டிச் சராசரி காண்பர். சராசரி 10 ஆயின் தேர்ச்சி. 8க்கும் 10க்கும் இடைப்பட்டோர்க்கு வாய்மொழி மறுவாய்ப்பு உண்டு. ஆகவே கணிதத்தில் தளர்ந்த மாணவர் மொழியிலோ தத்துவத்திலோ பெற்ற மதிப்பெண்ணால் தேர்ச்சியுற இயலும். கணிதத்தில் வல்லவர் அதன் எடையெண் மிகுந்த தொடரைத் தெரிந்து மேலும் பயன் பெறலாம். பிரெஞ்சு முறையில் கணிதத் தெரிவு எடையைப் பற்றியது. சென்னை முறையில் அது தடையைப் பற்றியது. பிற்காலச் சீர்திருத்தங்களை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு திறவுகோலாகிறது.

பிரெஞ்சுக் கணித மரபு தமிழ் மாணவரை அடைந்த மற்றொரு வழியும் இங்கு நோக்கத்தக்கது. 1937இல் இந்தியா வந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி சார்ல் ரசீன், திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னை இலயோலா கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். சி.எஸ். சேஷாத்திரி, எம்.எஸ். நரசிம்மன் ஆகியோர் இலயோலாவில் அவருடைய மாணவராயிருந்து உலகப் புகழ் பெற்றனர். பிரெஞ்சு ஆட்சி நிலவிய நகருக்கு வெளியே, ஆங்கிலேயர் தேர்வு முறைக்குட்பட்ட கல்லூரியில் இது நிகழ்ந்தது. பாடத்திட்டத்தின் பெயரைவிட ஆசிரியரின் ஆளுமை கணிதக் கல்வியில் ஆற்றும் பங்கு பெரிது என்பதற்கு இது சான்று.

ஆட்சி மாற்றமும் சான்றிதழின் தலைவிதியும் (1954–1962)

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடைபெற்ற வாக்கெடுப்பில் 178 பேராளர்களுள் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவளித்தனர். நவம்பர் 1 அன்று நிருவாகம் இந்திய அரசின் கைக்கு வந்தது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம், பிரெஞ்சு நாடாளுமன்ற ஏற்புக்குப் பின் 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படி நடைமுறைக்கு வந்தது.

வரலாற்று நூல்கள் இவ்வொப்பந்தத்தைக் குடியுரிமை, மொழி ஆகியவற்றின் நோக்கிலேயே விளக்கி வந்துள்ளன. கல்வி வரலாற்றின் நோக்கில் அதன் இரு கூறுகள் முதன்மையானவை. முதலாவது, பிரெஞ்சுக் கல்லூரி முழுமையான இடைநிலைக் கல்வி வழங்கும் பிரெஞ்சு நிறுவனமாகவே தொடரும் என்பதும், அதனை நடத்தும் பொறுப்பு பிரெஞ்சு அரசைச் சாரும் என்பதும் ஆகும். இரண்டாவது, பக்கலோரேயா, பிரவே முதலிய சான்றிதழ்களை மேற்படிப்புக்கும் அரசுப் பணிக்கும் இந்தியச் சான்றிதழ்களுக்கு நிகராக ஏற்பதாகும். எது எதற்கு நிகர் என்பதை இரு அரசுகளும் அமைக்கும் கூட்டுக் கல்விக் குழு வரையறுக்கும் என்றும் கூறப்பட்டது.

இவ்வேற்பாட்டின் தேவை எளிதில் விளங்கும். 1954ஆம் ஆண்டு இறுதி வகுப்பில் கணிதம் பயின்று கொண்டிருந்த புதுவை மாணவருக்கு, அவர் கற்ற கணிதம் ஒரு நாளிலும் மாறவில்லை. அவர் பெறவிருந்த சான்றிதழ் எங்கே மதிக்கப்படும் என்பதே மாறியது. நேற்றுவரை அரசுப் பணிக்கு வழியாயிருந்த பிரவே, இனி அண்டை மாவட்டத்தின் எஸ்.எஸ்.எல்.சி.க்கு நிகரா என்னும் வினா எழுந்தது. இரு நாடுகளின் ஒப்பந்தத்தில் பள்ளிச் சான்றிதழ்களின் பெயர்கள் இடம்பெற வேண்டியிருந்தமை, அவ்வினாவின் கனத்தை உணர்த்தும்.

ஒப்பந்தம் வழங்கிய குடியுரிமைத் தெரிவும் பள்ளித் தெரிவும் ஒன்றையொன்று தழுவின. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பத்தினர்க்கு லிசே இயல்பான இடமாயிற்று. பிற அரசுப் பள்ளிகள் படிப்படியாகச் சென்னை மாநிலப் பாடத்திட்டத்திற்கு மாறின. ஒன்றியப் பகுதியின் நான்கு பகுதிகளும் ஒரே வழியில் செல்லவில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டையும், மாகே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றின. தனக்கெனத் தேர்வு வாரியம் இல்லாத ஆட்சிப் பகுதியாகப் புதுச்சேரி விளங்கியது. தன் மாணவர் எழுதும் கணித வினாத்தாளின்மீது தனக்கே அதிகாரம் இல்லாத நிலை இதன் விளைவு.

‘காம்போசிட்’ கணிதம் முதல் மேல்நிலைப் பிரிவுகள் வரை

11 ஆண்டுப் பள்ளிப் படிப்பின் முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய காலத்தில், மாணவர் வழக்கில் ‘ஜெனரல் மேத்ஸ்’, ‘காம்போசிட் மேத்ஸ்’ என வழங்கிய இரு கணிதங்கள் இருந்தன. முன்னது பொதுக் கணிதம். பின்னது இயற்கணிதம், வடிவியல் முதலியவற்றில் மிகுந்த ஆழம் உடையது. புகுமுக வகுப்பில் கணிதமோ அறிவியலோ பயில விழைவோர் பின்னதையே நாடினர். இன்று புதுமை எனப் பேசப்படும் இருநிலைக் கணிதம் தமிழ்ப் பகுதிகளுக்குப் புதியதன்று என்பதை இது மெய்ப்பிக்கிறது.

1978இல் தமிழ்நாட்டில் 10+2 முறை வந்தது. பத்தாம் வகுப்பில் கணிதம் அனைவர்க்கும் பொதுவான ஒரே பாடமாயிற்று. தெரிவு, மேல்நிலை வகுப்பின் பாடப் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. கணிதமும் உயிரியலும் கொண்ட பிரிவு, கணிதமும் கணினி அறிவியலும் கொண்ட பிரிவு, கணிதம் நீங்கிய அறிவியல் பிரிவு, வணிகக் கணிதம் சேர்ந்த வணிகவியல் பிரிவு என இவை அமைந்தன. 2018–19 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் வணிகக் கணிதத்தோடு புள்ளியியலும் பெயரிலேயே இணைந்தது.

பத்தாம் வகுப்பு மாநிலக் கணிதத் தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு உரியது. 14 ஒரு மதிப்பெண் வினாக்கள், 10 இரு மதிப்பெண் வினாக்கள், 10 ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஆகியவற்றோடு, வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்திற்கும் தலா 8 மதிப்பெண் ஒதுக்கப்பட்டது. வரைதல், வரைபடம் ஆகிய 16 மதிப்பெண், பயிற்சியால் எவரும் எய்தக்கூடியது. தேர்ச்சிக்குரிய 35இல் ஏறத்தாழப் பாதியை இதுவே தந்துவிடும். கணிதத்தில் தளர்ந்த மாணவரைத் தேர்ச்சிக்குக் கொண்டுசெல்லும் வாய்ப்பு, தனி நிலைப் பாடமாக அமையாமல், வினாத்தாளின் கட்டமைப்புக்குள்ளேயே அமைந்திருந்தது.

பிரான்சு எதிர்நோக்கிய வினாத்தாள்

பல ஆண்டுகள் புதுச்சேரியின் பெயர் பிரான்சின் கணித வகுப்பறைகளில் ஒலித்தது. பக்கலோரேயாத் தேர்வு பிரான்சில் ஜூன் மாதம் நிகழும். வெளிநாட்டு மையங்களுள் சில அதற்கு முன்னரே தேர்வை நடத்தும். 2010களின் பெரும்பகுதியில் ஏப்ரல் மாதத்தை ஒட்டித் தேர்வு நடந்த புதுச்சேரி மையம், ஆண்டின் முதல் வினாத்தாளை வெளிப்படுத்தும் இடமாக இருந்தது. பிரான்சின் மாணவரும் ஆசிரியரும் ‘பொந்திஷேரி வினாத்தாள்’ என அதனை எதிர்நோக்கிக் காத்திருந்து, அவ்வாண்டின் வினாப் போக்கை அதிலிருந்து உய்த்துணர முயன்றனர். அந்நாட்டுக் கணித ஆசிரியர் சங்கம் ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடும் வினாத்தாள் திரட்டுகளில் இந்நகரின் பெயர் இன்றும் காணக்கிடைக்கிறது.

இதே வாரங்களில் நகரின் பிற பள்ளிகள் மாநிலத் தேர்வை முடித்து விடுமுறையில் இருந்தன. ஒரே நகரின் ஒரு வினாத்தாள் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கானோர் பயிற்சிக்குரியதாக, அந்நகரின் பெரும்பான்மை மாணவர் அதனை அறியாமலே இருந்தனர் எனக் கருத இடமுண்டு. மொழி வேலி இதற்கு முதற்காரணம். குறியீட்டு வேறுபாடும் சிறிதன்று. பிரெஞ்சு முறையில் தசமப் புள்ளிக்கு மாற்றாகக் காற்புள்ளி இடுவர். திறந்த இடைவெளியை வெளிநோக்கித் திரும்பிய சதுர அடைப்பால் குறிப்பர். இந்தியப் பாடநூல்கள் அதற்கு வளைவு அடைப்பை இடுகின்றன. ஒரே கணக்கு இரு பள்ளிகளில் இரு தோற்றம் கொண்டது.

2019: இரு சீர்திருத்தங்களின் சந்திப்பு

2019ஆம் ஆண்டு புதுச்சேரிக் கணிதக் கல்வி வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு சீர்திருத்தங்கள் அவ்வாண்டில் தொடங்கின.

முதலாவது பிரெஞ்சுச் சீர்திருத்தம். பொதுப் பிரிவின் தொடர்கள் நீக்கப்பட்டு, மாணவர் தாமே சிறப்புப் பாடங்களைத் தெரியும் முறை வந்தது. இறுதிக்கு முந்தைய ஆண்டில் மூன்று சிறப்புப் பாடங்கள் வாரம் தலா 4 மணி நேரமும், இறுதி ஆண்டில் இரண்டு சிறப்புப் பாடங்கள் தலா 6 மணி நேரமும் பயிலப்படும். கணிதத்தை இறுதி ஆண்டில் கைவிடுவோர் விரும்பினால் ‘துணைநிலைக் கணிதம்’ பயிலலாம். தொடர்வோர் மேலும் ஆழம் நாடினால் ‘வல்லுநர் கணிதம்’ பயிலலாம். இரண்டும் வாரம் 3 மணி நேரத்துக்குரியவை. இம்முறையின் முதல் பக்கலோரேயா 2021இல் நடந்தது. சிறப்புப் பாடமாகத் தெரியாதவர்க்குக் கணிதமே இல்லாமற்போனது கடும் விமரிசனத்துக்குள்ளாகவே, 2022இல் வாரம் ஒன்றரை மணி நேரக் கணிதம் விருப்பமாகவும், 2023இல் கட்டாயமாகவும் திரும்பக் கொணரப்பட்டது.

இரண்டாவது இந்தியச் சீர்திருத்தம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2019–20 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புக்குத் தரநிலைக் கணிதம் (குறியீட்டெண் 041), அடிப்படைக் கணிதம் (241) என்னும் இரு தேர்வுகளை அறிமுகப்படுத்தியது. பாடநூலும் பாடப்பகுதியும் வகுப்பறையும் ஒன்றே. 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வின் வினாத்தாள் மட்டுமே வேறு. நினைவுகூர்தல், புரிதல் சார்ந்த வினாக்களுக்குத் தரநிலைத் தாளில் 43 மதிப்பெண், அடிப்படைத் தாளில் 60 மதிப்பெண். பயன்படுத்தலுக்கு முறையே 19, 12. பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தலுக்கு முறையே 18, 8. தெரிவு, பத்தாம் வகுப்பில் தேர்வுக்குப் பெயர் பதியும்போது செய்யப்படுகிறது. அடிப்படைக் கணிதம் எழுதியவர் மேல்நிலையில் கணிதம் பயில விரும்பின் தரநிலைத் தாளில் தேர்ச்சி பெறவேண்டும் என்பது தொடக்க விதி. கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் அது தளர்த்தப்பட்டது. 2020–21இல் மேல்நிலையில் ‘பயன்பாட்டுக் கணிதம்’ அறிமுகமானது. அடிப்படைக் கணிதம் எழுதியவர்க்கு அது திறந்திருந்தது.

இரண்டையும் ஒப்பிடின் முன்னர்ச் சுட்டிய வேறுபாடு மீண்டும் புலப்படும். பிரெஞ்சு முறை பாடத்தின் அளவையும் எடையையும் தெரிவுக்கு உட்படுத்துகிறது. இந்திய முறை பாடத்தை மாற்றாமல் வினாவின் கடினத்தை மட்டும் தெரிவுக்கு உட்படுத்துகிறது. பாடவாரித் தேர்ச்சி விதி நிலவும் முறையில், கணிதம் ஒன்றால் மாணவர் முழுத் தேர்விலும் தவறுவதைத் தடுக்கும் வாயில் தேவைப்படுகிறது. அடிப்படைக் கணிதம் அவ்வாயிலாகும். ஆயினும் அவ்வாயில் வழியே செல்லும் மாணவர், பின்னர்ப் பொறியியலுக்கோ இயற்பியலுக்கோ திரும்பும் பாதை குறுகுகிறது என்பதை அப்போது அறிந்திருப்பாரா என்பதே வினா.

2023–2025: அரசுப் பள்ளிகளின் மாற்றமும் பயிற்றுமொழியும்

2019இல் இத்தெரிவு புதுச்சேரியில் கேந்திரிய வித்தியாலயம் போன்ற பள்ளிகளோடும் சில தனியார் பள்ளிகளோடும் நின்றது. 2023–24 கல்வியாண்டில் நிலை மாறியது. தொடக்க வகுப்புகளில் முன்னரே மத்திய வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறியிருந்த அரசுப் பள்ளிகள், அவ்வாண்டு 6 முதல் 9 வரையிலான வகுப்புகளிலும் 11ஆம் வகுப்பிலும் அதனை ஏற்றன. 2024–25இல் 10, 12ஆம் வகுப்புகள் சேர்ந்தன. 2025இன் தொடக்கத்தில் புதுவை அரசுப் பள்ளி மாணவர் முதன்முறையாக மத்திய வாரியப் பொதுத் தேர்வை எழுதினர். 1954க்குப் பின் இந்நகரின் கணிதத் தேர்வு வேறோர் அமைப்பின் கைக்கு மாறியது இது இரண்டாம் முறை.

முதல் மாற்றத்தில் பயிற்றுமொழி பிரெஞ்சிலிருந்து தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சென்றது. இரண்டாம் மாற்றத்தில் தமிழ் விலகியது. மத்திய வாரியத்தின் பொதுத் தேர்வில் கணிதத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத இயலும். ஆகவே அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் கணிதம் பயின்று பொதுத் தேர்வெழுதும் வாய்ப்பு நீங்கியது. தமிழ் மொழிப்பாடமாக எஞ்சியது.

இதன் பொருளைத் தமிழ் ஆய்வுலகம் உணர்தல் தகும். அணி, கணம், சார்பு, நிகழ்தகவு, வகைக்கெழு, தொகையீடு முதலிய கலைச்சொற்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆசிரியரும் பாடநூலாசிரியரும் உருவாக்கிப் பழக்கியவை. அவை அகராதியில் வாழ்பவையல்ல. வகுப்பறையில் சொல்லிச் சொல்லி வாழ்பவை. எட்டாம் வகுப்புவரை ‘வர்க்கமூலம்’ எனக் கற்ற மாணவர் ஒன்பதாம் வகுப்பில் அதே கருத்தை வேற்றுமொழிச் சொல்லால் எதிர்கொள்ளும்போது, அவருடைய தடுமாற்றம் கணிதத்தாலா மொழியாலா என்பதை மதிப்பெண் பட்டியல் பிரித்துக் காட்டாது. மொழியால் தடுமாறும் மாணவர் தம்மைக் கணிதத்தில் தளர்ந்தவர் எனக் கருதி அடிப்படைத் தாளைத் தெரியும் நிலை ஏற்படின், தற்காலிக மொழி இடர் நிலையான கல்வித் தடையாக உறைந்துவிடும்.

மாற்றத்திற்கு ஆதரவான வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. பொறியியல், மருத்துவம் முதலிய துறைகளுக்கான அனைத்திந்திய நுழைவுத் தேர்வுகள் மத்திய வாரியப் பாடநூல்களோடு நெருங்கிய தொடர்புடையன. தனியார் பள்ளி மாணவர்க்கு மட்டும் கிட்டிய அந்நெருக்கம் அரசுப் பள்ளி மாணவர்க்கும் கிட்டுதல் சமநீதியின்பாற்படும். சான்றிதழ் எங்கே செல்லும் என்னும் 1954ஆம் ஆண்டின் வினாவே இங்கும் வேறு வடிவில் செயற்படுகிறது.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

முதலாவது, புதுச்சேரி மாணவரின் கணிதத் தெரிவைப் பெரும்பாலும் நகருக்கு வெளியே உள்ள அமைப்புகளே வடிவமைத்துள்ளன. பாரீசு, சென்னை, தில்லி என அம்மையங்கள் மாறினும், உள்ளூர் நிலைமைக்கேற்ப விதியை அமைக்கும் அதிகாரம் உள்ளூருக்கு வாய்க்கவில்லை.

இரண்டாவது, கணித நிலைகளைப் பிரிப்பதன் தேவையும் வடிவமும் தேர்ச்சி விதியிலிருந்து பிறக்கின்றன. சராசரி முறை எடையெண்ணை உருவாக்கியது. பாடவாரி முறை எளிய வினாத்தாளை உருவாக்கியது. தேசியக் கல்விக் கொள்கை 2020 எல்லாப் பாடங்களையும் இருநிலைகளில் வழங்க எண்ணும் இக்காலத்தில், தேர்ச்சி விதியை ஆராயாமல் நிலைகளை மட்டும் பெருக்குவது போதிய தீர்வாகாது.

மூன்றாவது, பயிற்றுமொழி மாறும் காலத்தில் செய்யப்படும் கணிதத் தெரிவு மாணவரின் கணிதத் திறனை மட்டும் காட்டுவதாகாது. எனவே தரநிலை, அடிப்படை என்னும் இரு தாள்களின் பின்விளைவுகளைப் பெயர்ப் பதிவுக்கு முன்னரே, ஒன்பதாம் வகுப்பிலேயே, தமிழில் பெற்றோர்க்கு விளக்குதலும், இருமொழிக் கணிதக் கலைச்சொல் பட்டியலை மாணவர் கையில் தருதலும் இன்றியமையாதவை. 1956ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒரு தலைமுறை மாணவரின் சான்றிதழைக் காத்தது. இத்தலைமுறை மாணவரின் தெரிவைக் காக்கும் ஏற்பாடு அத்தகைய கவனத்தை வேண்டி நிற்கிறது.

லிசேயின் மாணவர் பதிவேடுகள், அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி ஏடுகள், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்களின் வாய்மொழி நினைவுகள் ஆகியவற்றைத் தொகுத்து ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.